மேடையும் பலகையும்

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம். பிள்ளைகள் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இசைக்குழுவில் ஒருவர் ஒரு கழுதையின் தாடையெலும்பைத் தூக்கிக் காட்டுகிறார். அவித்துச் சுத்தம் செய்து காயவைத்த எலும்பு. பற்கள் குழிக்குள்ளேயே தளர்ந்து நிற்கின்றன. உள்ளங்கையின் ஓரத்தால் ஒரு குத்து விட்டதும் எல்லாப் பற்களும் சேர்ந்து சடசடவென்று அதிர்கின்றன. கூடம் முழுக்க ஒரே கூச்சல். அடுத்த முக்கால் மணி நேரம் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள், காலால் தரையை அடிக்கிறார்கள், ஸ்பானிய மொழியில் ஒரு பல்லவியைத் திருப்பிப் பாடுகிறார்கள். பிறகு குழு கருவிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது.

மெக்சிக நாட்டார் இசைக்குழு ஒன்று அமெரிக்கப் பள்ளிக்கு வந்துபோகும் நாள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். குழு போன பிறகு பிள்ளைகளின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்கு விடை தேட, பள்ளிப் பிள்ளைகளை வெவ்வேறு வழியில் சென்றடைந்த இரண்டு இசைகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று மேற்கு மெக்சிகோவின் மரியாச்சி. மற்றொன்று மெக்சிகோ வளைகுடாக் கரையில் உள்ள வெராக்ரூஸ் மாநிலத்தின் சோன் ஹரோச்சோ. இரண்டும் கிராமத்தில் பிறந்தவை, இரண்டும் நரம்புக் கருவிகளை நம்பியவை. ஆனால் முன்னது மேடையைத் தேடிப் போனது. பின்னது ஒரு மரப்பலகையைச் சுற்றியே நின்றது.

பிறந்த இடமும் வளர்ந்த விதமும்

ஹலிஸ்கோ, நயரித், கொலிமா, மிச்சோவாகான் பகுதிகளின் பண்ணைகளிலும் சிற்றூர்த் திருவிழாக்களிலும் வாசிக்கப்பட்ட நரம்பிசைதான் மரியாச்சியின் வேர். தொடக்கத்தில் ட்ரம்பெட் அதில் இல்லை. வெள்ளி வேலைப்பாடு மின்னும், சார்ரோ எனப்படும் குதிரைக்கார உடையும் இல்லை. 1890களின் இறுதியில் காஸ்பர் வர்காஸ் தொடங்கிய ‘மரியாச்சி வர்காஸ் தெ தெகலித்லான்’ குழு 1930களில் மெக்சிகோ நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வானொலியும் திரைப்படமும் காத்திருந்தன. வானொலிக்காக ஒலி கூர்மையானது, திரைக்காக உடை பளபளத்தது. 1944இல் குழுவில் சேர்ந்த ரூபென் ஃபுவெந்தெஸ் பாடல்களை எழுதப்பட்ட இசையமைப்பாக ஒழுங்குபடுத்தினார். 1950களில் இரண்டு ட்ரம்பெட் வழக்கமாகிவிட்டது. 2011இல் யுனெஸ்கோ மரியாச்சியை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆக, இன்று நாம் கேட்கும் மரியாச்சி ஒலிவாங்கிக்கும் மேடை விளக்குக்கும் முன்னால் உருவம் பெற்ற இசை.

சோன் ஹரோச்சோவும் மேடையைப் பார்க்காமல் இல்லை. வெராக்ரூஸில் பிறந்த மிகெல் அலெமான் 1946இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது ‘லா பாம்பா’ என்ற சோன் ஹரோச்சோ பாட்டு அவருடைய தேர்தல் பாட்டாகவே ஆனது. பிறகு உணவகங்களிலும் நாட்டார் நடனக் குழுக்களிலும் வெள்ளை உடுத்திய ஹரோச்சோ கலைஞர்கள் மின்னல் வேகத்தில் வாசித்தார்கள். வேகம் கூடக்கூட ஊரின் ஃபண்டாங்கோ மெலிந்தது. ஃபண்டாங்கோ என்பது இரவு முழுதும் நடக்கும் கூடல். நடுவில் ‘தாரிமா’ என்ற உள்ளீடற்ற மரப்பலகை கிடக்கும். அதன்மேல் ஆடுபவர்களின் காலடிதான் முரசு. இசைப்பவர்கள் அதைச் சூழ்ந்து நிற்பார்கள். பார்வையாளருக்கென்று தனி இடம் கிடையாது.

அந்தக் கூடலை மீட்க வேண்டும் என்று 1970களின் இறுதியில் ஓர் இயக்கம் எழுந்தது. 1977இல் ‘மோனோ பிளாங்கோ’ குழு உருவானது. அதன் இளைஞர்கள் அர்காதியோ இடால்கோ போன்ற முதிய கலைஞர்களைத் தேடிப் போய் அவர்களோடு சேர்ந்து வாசித்தார்கள். 1979 முதல் த்லாகோதால்பான் ஊரில் காந்தெலாரியா அன்னையின் பிப்ரவரித் திருவிழாவை ஒட்டி ஹரானா என்ற நரம்புக் கருவியை வாசிக்கும் கலைஞர்களின் சந்திப்பு கூடலாயிற்று. கச்சேரி மட்டும் போதாது என்று கண்டுகொண்ட அந்த இயக்கம் ஊர் ஊராகப் பட்டறை நடத்தியது. கருவி செய்யவும், வாசிக்கவும், பாட்டுக் கட்டவும், காலால் தாளம் போடவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. மேடை ஓர் இசையிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொள்ளும் என்பதை அனுபவித்து அறிந்தவர்கள் கண்ட வழி அது.

இரண்டு இசைகளும் இந்த வரலாற்றைச் சுமந்துகொண்டுதான் பள்ளிப் பிள்ளைகளிடம் வந்தன. அங்கே அவை நடந்துகொண்ட விதத்துக்கும் இதுவே காரணம்.

மரியாச்சி வகுப்பறைக்குள் வந்த கதை

டெக்சஸ் மாநிலத்தில் 1918ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்று மொழி ஆக்கியது. அடுத்த அரை நூற்றாண்டு, பள்ளி வளாகத்தில் ஸ்பானிய மொழி பேசியதற்காக அடி வாங்கிய பிள்ளைகள் ஏராளம். 1968இல் சான் அன்டோனியோவின் மேற்குப் பகுதியில் லானியர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். தரமான கல்வி, மெக்சிக அமெரிக்க வரலாறு, தாய்மொழியில் பேசும் உரிமை ஆகியவை அவர்கள் கேட்டவற்றுள் சில. அதே லானியர் பள்ளியில் 1970 வாக்கில் பெல் சான் மிகெல் என்ற இசை ஆசிரியை மரியாச்சி வகுப்பைத் தொடங்கினார். பின்னர் பெல் ஓர்தீஸ் என்று அறியப்பட்டவர் இவர்தான். எந்த மொழியைப் பேசினால் தண்டனையோ, அந்த மொழியில் பாடினால் மதிப்பெண் என்ற நிலை வந்தது. பள்ளி மரியாச்சியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய செய்தி எனக்குத் தெரியவில்லை.

பெல் ஓர்தீஸும் அவருடைய கணவர் ஹுவான் ஓர்தீஸும் 1979இல் சான் அன்டோனியோவில் மரியாச்சி மாநாடு ஒன்றை நடத்தி, மெக்சிகோவிலிருந்து மரியாச்சி வர்காஸ் குழுவையே வரவழைத்தார்கள். பகலில் அந்த மேதைகள் மாணவர்களுக்குப் பட்டறை நடத்தினார்கள், இரவில் கச்சேரி. பட்டறையும் கச்சேரியும் கைகோத்த இந்த அமைப்பைத்தான் பின்னால் பல நகரங்களின் மாநாடுகள் பின்பற்றின. அரிசோனாவின் டூசான் நகரில் 1964லேயே கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரின் முயற்சியால் ‘லோஸ் சங்கீதோஸ் ஃபெயோஸ்’ என்ற சிறுவர் மரியாச்சி உருவாகியிருந்தது. அதில் வளர்ந்த பிள்ளைகளிலிருந்தே 1971இல் ‘மரியாச்சி கோப்ரே’ என்ற தொழில்முறைக் குழு பிறந்தது. லாஸ் வேகாஸ் நகரை உள்ளடக்கிய கிளார்க் மாவட்டப் பள்ளிகளில் 2002இல் மரியாச்சி பாடமாகவே வந்துவிட்டது. டெக்சஸில் பள்ளி பேண்டுகளுக்கும் விளையாட்டுகளுக்கும் போட்டி நடத்தும் அமைப்பே இன்று மாநில அளவில் மரியாச்சி விழாவும் நடத்துகிறது. அதே மாநிலத்தின் எடின்பர்க் நார்த் உயர்நிலைப் பள்ளியின் மரியாச்சி மாணவர்களை ஒரு போட்டிப் பருவம் முழுதும் பின்தொடர்ந்து எடுத்த ஆவணப்படம் 2023இல் வெளிவந்தது.

மரியாச்சி இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் உண்டு. அது பள்ளியின் அச்சில் பொருந்தியது. வயலின் வாசிப்பவரைப் பள்ளியின் ஆர்கெஸ்ட்ராவிலிருந்தும், ட்ரம்பெட் வாசிப்பவரைப் பேண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். இசைக்குறிப்புத் தாள் உண்டு, சீருடை உண்டு, மேடை உண்டு, பரிசு உண்டு. புதிதாகக் கற்க வேண்டியவை விவேலாவும் கிதாரோனும்தான். விவேலா ஐந்து நரம்புகளும் வளைந்த முதுகும் கொண்ட சிறு கருவி. கிதாரோன் வயிறு பெருத்த ஆறு நரம்புக் கருவி. அதன் கழுத்தில் கட்டைகள் கிடையாது. ஒரே சுரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் இரண்டு நரம்பில் ஒருங்கே இழுத்து ஒலிக்க வேண்டும். பழகும் பிள்ளையின் விரல்கள் முதல் சில வாரம் புண்ணாகும். ஆனால் ஒலிபெருக்கி இல்லாமலேயே முழுக் குழுவையும் தாங்கிப் பிடிக்கும் அடித்தளம் அதுதான்.

பலகை பள்ளிக்குள் வரும்போது

சோன் ஹரோச்சோவைப் பள்ளிக்குள் கொண்டுவருவது இவ்வளவு எளிதன்று. அதன் கருவிகள் எந்தப் பள்ளி இசைக் கிடங்கிலும் இருப்பதில்லை. ஹரானா ஒரே மரக்கட்டையைக் குடைந்து செய்யப்படுவது. எட்டு நரம்புகள், ஐந்து வரிசை. ரெகிந்தோ என்ற சிறு கருவி, மாட்டுக் கொம்பில் செதுக்கிய நீண்ட மீட்டுகோலால் மெட்டை எடுத்துக் கொடுக்கும். இவற்றோடு எண்கோண வடிவக் கஞ்சிரா, கழுதைத் தாடை, எல்லாவற்றுக்கும் நடுவில் தாரிமா.

கற்பிக்கும் முறையும் பள்ளிக்குப் பழக்கமில்லாதது. குறிப்புத் தாள் பெரும்பாலும் கிடையாது. கையைப் பார், காதால் கேள், கூடவே வாசி. எட்டு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுப் பாட்டியும் ஒரே வட்டத்தில் நிற்பார்கள். புதிதாக வந்தவர் வட்டத்தின் வெளி ஓரத்தில் நின்று மெல்ல வாசித்தால் போதும். தேறத் தேற உள்ளே வரலாம். வயதுவாரியாக வகுப்புப் பிரித்து, நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும் இடத்தில் இந்த முறைக்கு மூச்சு முட்டுகிறது. அமெரிக்காவில் சோன் ஹரோச்சோ பெரும்பாலும் பள்ளியின் வாசற்படியிலேயே வாழ்வது இதனால்தான்: மாலை நேர வகுப்பு, சமூகக் கூடம், ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை. லாஸ் ஏஞ்சலஸின் ஈஸ்ட்சைடு காஃபே பண்பாட்டு மையமும், 2009இல் தொடங்கிய சியாட்டில் ஃபண்டாங்கோ திட்டமும் இந்த வழியில் வந்தவை. மார்த்தா கொன்சாலெஸ் போன்ற கலைஞர்கள் இந்தப் பட்டறைகளின் உயிராக ‘கொன்விவென்சியா’ என்ற சொல்லைச் சொல்கிறார்கள். கூடி வாழ்தல் என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

தாளமும் காதும்

இரண்டு இசைகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. பிள்ளைகளைச் சட்டென்று பிடித்துக்கொள்வதும் அதுவே. ஆறு எண்ணிக்கையை ஒரு கணம் தகிட–தகிட என்று இரண்டாகவும், மறுகணம் தக–தக–தக என்று மூன்றாகவும் பிரித்துக் கேட்கவைக்கும் தாள விளையாட்டு. கூடத்தின் ஒரு பாதி முன்னதையும் மறு பாதி பின்னதையும் கைதட்டினால் இரண்டு நிமிடத்தில் அந்தக் கூடமே ஒரு சோன், அதாவது ஒரு நாட்டார் பாட்டு, ஆகிவிடும். கூடித் தட்டினால் மட்டுமே இந்தத் தாளத்தின் முழு உருவம் தெரியும்.

இங்கிருந்து வழிகள் பிரிகின்றன. மரியாச்சி மாணவன் அந்தத் தாளத்தை விவேலாவின் கைவீச்சுகளாக மனப்பாடம் செய்கிறான். ஒவ்வொரு பாட்டுவகைக்கும் ஒரு வீச்சு. வாசிப்பவர்கள் எல்லாருடைய கைகளும் ஒரே கணத்தில் ஒரே திசையில் வீச வேண்டும். அந்த ஒற்றுமையே அழகு. தவறு வெளியே தெரியும், திருத்தப்படும். இங்கே கற்கும் பாடம் துல்லியம்.

ஹரோச்சோ மாணவி தாளத்தை முதலில் காலால் கற்கிறாள். பலகைமேல் ஏறியதும் அவளுக்குச் சொல்லப்படும் விதி ஒன்றுண்டு. பாட்டு ஒலிக்கும்போது அடியைத் தணித்துக்கொள். பாடுபவர் நிறுத்தியதும் ஓங்கி அடி. பாடுபவரின் சொல் எல்லார் காதுக்கும் எட்ட வேண்டும் என்பதற்காகக் கால் அடங்குகிறது. தன் திறமையைக் காட்டும் ஆசை உச்சத்தில் இருக்கும் அந்தக் கணத்தில் அடுத்தவருக்கு இடம் விடப் பழக்கும் பாடம் இது. ஒழுக்கம் பற்றிய பத்துச் சொற்பொழிவுகள் செய்யாததை இந்த ஒரு விதி செய்துவிடும் என்று நான் நம்புகிறேன்.

சொற்களின் வகுப்பு

மரியாச்சி மாணவர்கள் பாடும் பாட்டுகள் ஏற்கெனவே எழுதி முடிந்தவை. பெரும் கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் விட்டுச் சென்ற அந்தப் பாட்டுகளைப் பாட்டிமார் சமையலறையில் முணுமுணுத்திருப்பார்கள். திருமணத்திலும் சாவு வீட்டிலும் ஒலித்திருக்கும். பேத்தி பள்ளி மேடையில் அதே பாட்டைப் பாடும்போது முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி அழுவது அதனால்தான். மூன்று தலைமுறையை ஒரே பாட்டில் கட்டுகிற வலிமை மரியாச்சிக்கு உண்டு. குடியும் துரோகமும் மலிந்த காதல் பாட்டுகளும் அந்தச் செல்வத்தில் இருப்பதால் வயதுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஆசிரியருக்கு வருகிறது.

சோன் ஹரோச்சோவில் மெட்டு நிலையானது, சொல் நிலையற்றது. எட்டு அசை கொண்ட நான்கு வரி. அல்லது பத்து வரியில் இயைபு மாறி மாறி வரும் ‘தெசிமா’. சந்தர்ப்பத்துக்கு ஏற்பப் புதிதாகக் கட்டலாம். ஒருவர் கேலி செய்து பாடினால் மற்றவர் பாட்டிலேயே பதில் சொல்லலாம். இகுவானாப் பல்லியும் பஞ்சவர்ணக் கிளியும் மரங்கொத்தியும் பாட்டுப்பொருளாக வருவதால் சிறு பிள்ளைகளுக்கு வாசல் திறந்தே இருக்கிறது. பட்டறையில் ஒரு குழந்தை தன் நாய்க்குட்டியைப் பற்றி எட்டு அசையில் ஒரு வரி அமைக்க முயலும்போது அது அசை எண்ணுகிறது, ஒலி ஒத்துவரும் சொல்லைத் தேடுகிறது, வேண்டாத சொல்லை உதிர்க்கிறது. இதைவிடச் சிறந்த மொழி வகுப்பு எது? இந்தச் சொல்லுரிமை ஒரு காலத்தில் அதிகாரத்தையே அச்சுறுத்தியது. 1766இல் வெராக்ரூஸில் பரவிய ‘சுச்சும்பே’ என்ற பாட்டை அதன் துடுக்கான வரிகளுக்காகவும் ஆட்டத்துக்காகவும் சமய விசாரணை மன்றம் தடை செய்தது. அந்தத் துடுக்கின் வழித்தோன்றல்தான் இன்றைய பட்டறைப் பிள்ளையின் நாய்க்குட்டிப் பாட்டு.

ஒரு மணி நேரக் கச்சேரியின் இடம்

இனி, முதலில் பார்த்த அந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குத் திரும்புவோம். வந்து போகும் பங்கேற்புக் கச்சேரியைச் சிலர் வெறும் கேளிக்கை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிகாகோவில் 1994 முதல் இயங்கும் ‘சோனெஸ் தெ மெஹிகோ’ குழு மெக்சிகோவின் பல வட்டாரச் சோன்களை ஒன்றாகத் திரட்டிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகிறது. மெக்சிக இசை என்றால் பெரிய தொப்பியும் ட்ரம்பெட்டும் என்று மட்டும் அறிந்த பிள்ளை, ஒரே மணி நேரத்தில் ஹலிஸ்கோவையும் வெராக்ரூஸையும் தனித்தனியாகக் கேட்கிறது. ஒரு நாட்டுக்குள் பல நிலங்கள், பல காதுகள் என்று அதற்குத் தெரியவருகிறது. அந்த வட்டாரங்களிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையோ, தன் வீட்டு ஒலி பள்ளியின் நடுக்கூடத்தில் மரியாதையோடு ஒலிப்பதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருகிறது.

ஆனால் பங்கேற்பு என்ற சொல்லுக்குக் கனம் வேண்டும். சொன்னபோது கைதட்டுவதும், ‘கிரிதோ’ என்ற அந்தக் குதூகலக் கூவலை எல்லோரும் சேர்ந்து கத்துவதும் தொடக்கம்தான். பிள்ளை செய்வது இசையை மாற்ற வேண்டும். பாதிக் கூடம் தட்டும் தாளத்தின்மேல் குழு வாசித்தால், பிள்ளைகள் சொன்ன சொற்களை வைத்துப் பாடகர் அங்கேயே ஒரு வரி கட்டினால், பலகையில் ஏறிய நால்வரின் காலடியை நம்பிக் கஞ்சிரா சற்று நேரம் ஓய்ந்தால், அப்போது அது பங்கேற்பு. மரியாச்சிக் கச்சேரிகளுக்கு இந்தக் குணம் ஹரோச்சோவிடமிருந்து வர வேண்டியிருக்கிறது. மேடையின் மெருகு உயர உயர, பார்வையாளரின் பங்கு கைதட்டலாகச் சுருங்கிவிடும் ஆபத்து அதற்கு எப்போதும் உண்டு.

எது நிலைக்கிறது

நிலைத்தல் என்ற அளவுகோலில் மரியாச்சியே முன்னால் நிற்கிறது. அதற்கு ஆசிரியர் பணியிடம் இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது, கருவி வாங்க நிதி ஒதுக்கீடு இருக்கிறது. ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றால் அடுத்தவர் வருவார். பள்ளி மரியாச்சியில் சேர்ந்ததால் படிப்பை விடாமல் தொடர்ந்த பிள்ளைகளும், குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளும் உண்டு. பள்ளியின் ஒழுங்குக்கு வளைந்துகொடுத்ததால் அது பெற்ற பரிசு இது. அதற்குக் கொடுத்த விலையும் இருக்கிறது. போட்டிக்கான மூன்று பாட்டைப் பல மாதம் தேய்த்து மெருகேற்றும் மாணவன், ஒரு பிறந்தநாள் வீட்டில் யாரோ கேட்கும் பாட்டைத் தாளில்லாமல் வாசிக்கத் தடுமாறக்கூடும். கேட்டவுடன் வாசிப்பதே மரியாச்சிக்காரரின் தொழில்; மெக்சிகோ நகரின் கரிபால்தி சதுக்கத்தில் நிற்கும் கலைஞர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

ஹரோச்சோ பட்டறையில் கற்ற பிள்ளை தன் ஊரின் எந்த ஃபண்டாங்கோவிலும் போய் நின்று இடம் பெறலாம். ‘சிகிசிரி’ தொடங்கியதும் கூடல் தொடங்கிவிட்டது என்று அதற்குத் தெரியும். 2008 முதல் தீஹுவானாவுக்கும் சான் டியேகோவுக்கும் நடுவே எல்லை வேலியின் இரு பக்கமும் நின்று ஒரே ஃபண்டாங்கோவை நடத்தியவர்கள் இந்த மரபின் பிள்ளைகள். இசையைப் பிழைப்பாக்காமல் வாழ்க்கையாக்கிக்கொள்ளும் வழி அது. ஆனால் பட்டறை நடத்துபவர் ஊர் மாறிப் போனால், கூடத்தின் வாடகை ஏறினால், அந்த வட்டம் கலைந்துவிடும். அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு நிறுவனம் இல்லை.

கண்டது

இரண்டையும் எடை போட்டு ஒன்றை வென்றதாக அறிவிக்க எனக்கு மனமில்லை; சான்றுகளும் அப்படிச் சொல்லவில்லை. மரியாச்சி தன்னைப் பள்ளிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. அதனால் பள்ளிக்குள் ஒரு நாற்காலி கிடைத்தது. சோன் ஹரோச்சோ பள்ளியைத் தனக்கு ஏற்ப மாறச் சொல்கிறது; அதனால் நாற்காலி கிடைக்கவில்லை, ஆனால் நாற்காலி தேவையில்லாத ஒரு வட்டத்தை அது காட்டுகிறது. நல்ல திட்டம் ஒன்றை வகுக்க விரும்பும் பள்ளிக்கு இரண்டும் வேண்டும். மரியாச்சி வகுப்பில் வாரத்துக்கு ஒரு நாளாவது தாளை மூடிவைத்து, வட்டமாக நின்று, பெரியவரும் சிறியவரும் சேர்ந்து காதால் வாசிக்கட்டும். ஹரோச்சோ ஆசிரியருக்கு ஆண்டு முழுதும் நீடிக்கும் பணியும், பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போக ஹரானாக்களும், பூட்டிவைக்க ஓர் அறையும் பள்ளி தரட்டும். வந்துபோகும் கச்சேரி இவை இரண்டுக்கும் வாசலாக இருக்கட்டும். அதற்குப் பிறகு ஒரு பட்டறையாவது தொடரும் என்ற உறுதி இருந்தால்தான் அந்த வாசலுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும்.

ஃபண்டாங்கோவில் பலகைமேல் ஆடிக்கொண்டிருக்கும் பெண், அடுத்தவள் ஏற வந்ததும் தாளம் முறியாமல் இறங்கி இடம் விடுகிறாள். இசை நிற்பதில்லை, கால்கள் மட்டும் மாறுகின்றன. பள்ளிக்கு இசையைக் கொண்டுபோகும் கலைஞர் செய்ய வேண்டியதும் இதுவே. அவர் இறங்கும்போது பலகையில் ஏற ஒரு பிள்ளை தயாராக நிற்க வேண்டும்.